வடகரைக்கு நாற்பது நிமிஷம்

ஆறுமுகநயினார் தென்காசிப் புதிய பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி வைப்பதும், நேரம் ஆன பிறகும் டீக்கடையில் நிற்கிற டிரைவர்களை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அவர் வேலை. அந்தக் குரல் கேட்டால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஐம்பத்தேழு வயதில், யானைப் பாலம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். "மை நேம் இஸ் ஆறுமுகநயினார்" என்பதற்கு மேல் வண்டி நகரவில்லை.

காரணம் மகள் நிவேதா. ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற ஒடியாக்காரப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாள். நயினார் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பையன் ஒருநாள் நேரில் வந்து, நயினார் மனைவி பார்வதி வைத்த சொதிக் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டதும் முகம் தானாக இறங்கிவிட்டது. ஆவணியில் கல்யாணம், தென்காசியில் என்று முடிவாயிற்று. பையனின் அப்பாவும் அம்மாவும் ஆனி கடைசியில் ராமேஸ்வரம், கன்னியாகுமரி பார்த்துவிட்டு வந்து குற்றாலத்தில் இரண்டு நாள் தங்குவார்கள். அப்போது பெண்ணைப் பெற்றவர்கள் போய் முறைப்படி அழைக்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இவருக்குத் தமிழை விட்டால் ஒன்றும் தெரியாது.

"அன்னைக்கு எனக்கு லீவு இல்லப்பா. நான் வீடியோ கால்ல வந்து சொல்லிருதேன்," என்றாள் நிவேதா போனில்.

"நீ சொன்னா நீ கூப்பிட்டதா ஆகும். நான் கூப்பிட்டதா ஆகாது."

"பத்திரிகைதான் இங்கிலீஷ்ல அடிச்சாச்சுல்லா?"

"பத்திரிகைக்கு வாயா இருக்கு?" என்று போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தப் பக்கத்தில் பத்திரிகை என்பது வெறும் காகிதம். அழைப்பு வாயிலிருந்து வர வேண்டும். வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பாளத்தை நீட்டி, "குடும்பத்தோட வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "வாரோம்" என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் தங்கத் தகட்டில் பெயர் எழுதி அனுப்பினாலும் சொந்தக்காரன் வரமாட்டான். வந்தாலும் பந்தியில் உட்கார மாட்டான்.

நயினாருக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். ஒரே அண்ணன் இசக்கிதுரை வடகரையில் தோப்பும் வயலுமாக இருந்தார். நயினாருக்கு அப்போது டூட்டிக்கு மேல் டூட்டி, வீட்டில் கொத்தனார், ஆசாரி, பெயிண்டர் என்று ஆள் மாற்றி ஆள். டைம் கீப்பர் குடும்பத்தில் எல்லாம் பஸ்ஸில்தான் போய் வரும். மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ், அம்மாவின் மாத்திரை, மகளின் ஹால் டிக்கெட்கூட ஒருமுறை கண்டக்டர் கையில் போயிருக்கிறது. அதே பழக்கத்தில் அண்ணன் பத்திரிகையையும் வடகரை வண்டிக் கண்டக்டர் சுந்தரபாண்டியிடம் கொடுத்து, "அண்ணன்ட்ட சேத்துரு" என்றார். பத்திரிகை சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் வரவில்லை. "கூடப் பொறந்தவனுக்குப் பார்சல் போட்டு விட்டிருக்கான்" என்று நாலு பேரிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது.

அன்றைக்கு அறுந்த பேச்சு. "பத்திரிகை வந்துச்சா இல்லையா? அப்ப வரவேண்டியதுதான? என்ன பெரிய இவரு!" என்று நயினார் பஸ் ஸ்டாண்டில் நூறு தடவை இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. அண்ணன் கோபித்தது அநியாயம். ஆனால் வாயால் கூப்பிடாவிட்டால் சம்பந்தி கோபிப்பது நியாயம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லுகிறீர்களே என்று பார்வதி கேட்டதில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.

அவர் பயம் இதுதான். மகள் தெரியாத ஊருக்கு, தெரியாத பாஷைக்குள் வாழப் போகிறாள். போகிற இடத்தில் "உங்க அப்பா எங்களை ஒரு வார்த்தை கூப்பிடலையே" என்று ஒரு மனத்தாங்கல் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. மனத்தாங்கல் பதினோரு வருஷம் வாழும் என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் இங்கிலீஷ். காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து, "குட் மார்னிங், ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டார். மொபெட்டில் போகும்போது வழியில் பார்த்ததையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போய், பெயர் தெரியாத ஒரு சாமான் வந்தால் வண்டியை ஓரம் கட்டி யோசித்தார். செல்போனில் ஒரு ஆப் போட்டார். அதில் ஒரு பெண் குரல், இவர் எதைச் சொன்னாலும் "குட் ட்ரை" என்றது. அது பாராட்டா, திட்டா என்று மூன்று வாரம் அவருக்கு விளங்கவில்லை.

"காலங்காத்தால குளிக்கிற ரூமுக்குள்ள யாருகூடப் பேசுதீய?" என்றாள் பார்வதி.

"சம்பந்திகூட."

"அவிய இன்னும் ரயிலே ஏறலையே!"

வகுப்பு நடத்துகிற நூர்நிஷாவுக்கு நிவேதா வயதுதான் இருக்கும். இவர் "டீச்சர்" என்பார், அவள் "சார்" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் உண்டு. நயினார் தமிழில் பேசுகிற மாதிரியே, முதலில் பீடிகை, அப்புறம் சாக்கு, கடைசியில் விஷயம் என்று இங்கிலீஷையும் கட்டப் பார்ப்பார். பீடிகையிலேயே வார்த்தை தீர்ந்து போய் நிற்பார்.

"சார், சுத்தி வளைச்சுப் பேசணும்னாத்தான் நெறைய இங்கிலீஷ் வேணும்," என்றாள் நூர்நிஷா. "உள்ளத உள்ளபடி சொல்லுததுக்கு உங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையே போதும். சின்னச் சின்னதா சொல்லுங்க."

அழைப்பு வாக்கியத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வாரம் செதுக்கினார்கள். "முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்பதில்தான் சண்டை. இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை, வந்தால் சந்தோஷம் என்றுதான் சொல்வார்கள் என்றாள் அவள். "வந்தா சந்தோஷம்னு பக்கத்து வீட்டுக்காரன்ட்ட சொல்லலாம் டீச்சர். சம்பந்திட்ட சொல்ல முடியுமா?" என்று இவர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அவள்தான் விட்டுக்கொடுத்தாள். "ப்ளீஸ் கம் வித் யுவர் ஹோல் ஃபேமிலி. ஸ்டாண்ட் இன் ஃப்ரண்ட் அண்ட் கண்டக்ட் தி மேரேஜ்." அதை அவர் எழுதிச் சட்டைப் பையில் வைத்து, ஆலங்குளம் வண்டிக்கும் பாவூர்சத்திரம் வண்டிக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் எல்லாம் உருப்போட்டார். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். தக்காளிக் கூடைகளோடு நின்ற சம்சாரிகள் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டார்கள்.

தினம் ஒரு தெரியாத ஆளிடம் ஐந்து நிமிஷம் இங்கிலீஷ் பேச வேண்டும் என்பது நூர்நிஷா கொடுத்த வீட்டுப்பாடம். சாரல் தொடங்கியிருந்ததால் நயினார் ஓய்வு நாளில் குற்றாலத்துக்குப் போனார். மெயின் அருவிக்குப் போகிற வழியில் அரைக்கால் டவுசரும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் எண்ணெய் வடிய நின்றார். ஆள் டெல்லி, பம்பாயாக இருக்கும் என்று கணித்து, "வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம், சார்?" என்றார்.

"கோவில்பட்டி, அண்ணாச்சி. உங்கள தென்காசி பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கேன்லா?" என்றார் அவர்.

அடுத்து பிடித்த ஆள் புனலூர்க்காரர், மலையாளத்தில் பதில் சொன்னார். மூன்றாவதாக ஒரு வடநாட்டுத் தம்பதி, மங்குஸ்தான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி உடைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். நயினார் உடைத்துக் காட்டி, "இன்சைட் ஈட். அவுட்சைட் நோ ஈட்," என்றார். அவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள். தன் இங்கிலீஷ் ஒரு மனுஷனின் வாய்க்குள் போய்ச் சேர்ந்ததை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தில் வீடு வரைக்கும் மொபெட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

ஆனி இருபத்தெட்டாம் தேதி, பார்வதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். நயினார் வெள்ளை வேட்டி சட்டை. தாம்பாளத்தைப் பையில் வைத்துக்கொண்டு, மழைக்கு மொபெட் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே குற்றாலம் போனார்கள். லாட்ஜில் மாப்பிள்ளையின் அப்பா மொஹந்தியும் அவர் மனைவியும் அறை வாசலிலேயே நின்று வரவேற்றார்கள். மொஹந்தி ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பேச்சு குறைச்சல். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். நயினாருக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

உள்ளே உட்கார்ந்து கொஞ்சம் பேசிய பிறகு நயினார் எழுந்து நின்றார். பார்வதியும் பக்கத்தில் வந்து தாம்பாளத்தில் ஒரு கை வைத்தாள். நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு மாதம் உருப்போட்டதைச் சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை. என்ன, மைக் குரலில் வந்துவிட்டது. வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மொஹந்தி எழுந்து தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கண்டிப்பாக வருவோம், நாற்பது பேர் வருவோம் என்றார் அந்த அம்மாள். "வாரோம்" கிடைத்துவிட்டது. நயினாருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. டீ வந்தது. அருவியைப் பற்றி, ரயிலைப் பற்றி, நிவேதா சாப்பிடாமல் வேலை பார்ப்பதைப் பற்றிப் பேச்சு நன்றாகவே ஓடியது.

அப்புறம்தான் அந்த அம்மாள் கேட்டார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு முன்னால் இவருடைய அண்ணன்தான் நடந்து வருவார், வீட்டுக்குப் பெரியவர். உங்கள் பக்கம் அவரை எதிர்கொண்டு கூட்டிப் போகப் போவது யார்? உங்களுக்கு அண்ணன் உண்டா?

"எஸ். ஒன் எல்டர் பிரதர்," என்றார் நயினார்.

அவரை அழைத்தாயிற்றா, எப்போது பார்க்கலாம்?

தமிழில் கேட்டிருந்தால் நயினாரிடம் பதிலுக்குப் பஞ்சமே கிடையாது. அண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றிருப்பார், அறுவடை நேரம் என்றிருப்பார், ஒன்றுமில்லாவிட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மழைக்குத் திருப்பியிருப்பார். இங்கிலீஷில் அதற்கெல்லாம் அவரிடம் சரக்கு இல்லை. தெரிந்த வார்த்தையை வைத்து உள்ளதைச் சொல்லத்தான் தெரியும்.

"மை பிரதர் ஆங்ரி," என்றார். "லெவன் இயர்ஸ் நோ டாக். மை ஹவுஸ் ஃபங்ஷன். ஐ சென்ட் கார்ட் இன் பஸ்." கொஞ்சம் நிறுத்தி, "ஐ நாட் கோ," என்றார்.

அவ்வளவுதான் கதை. தமிழில் அரை மணி நேரம் ஓடுகிற கதை இங்கிலீஷில் நாலு வரியில் முடிந்துவிட்டது. கொத்தனார், பெயிண்டர், டூட்டி, அண்ணன் பேசிய பேச்சு, இவர் பக்கத்து நியாயம் ஒன்றுக்கும் அதில் இடம் இருக்கவில்லை. நான் போகவில்லை என்பது மட்டும் நடுவில் தனியாக நின்றது. பதினோரு வருஷத்தில் அதை அவர் தன் காதால் கேட்டது அப்போதுதான். முகம் சூடாகிவிட்டது.

அந்த அம்மாள் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. அண்ணன் ஊர் ரொம்ப தூரமா என்று மட்டும் கேட்டார்.

தூரம் கேட்டால் டைம் கீப்பருக்குப் பதில் வாய்க்குள்ளேயே இருக்கும். "தென்காசி டு வடகரை, ரன்னிங் டைம் ஃபார்ட்டி மினிட்ஸ்."

"ஃபார்ட்டி மினிட்ஸ்?" என்றார் அந்த அம்மாள். இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவர். பார்வதியின் தட்டில் இன்னொரு பிஸ்கட் எடுத்து வைத்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்வதி, "அந்தம்மா கடைசியா என்ன கேட்டாவ? உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டே," என்றாள்.

நயினார் சொன்னார். ஒன்றையும் கூட்டாமல் சொன்னார். பார்வதி பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினாள். மஞ்சள் தடவி, மேலே அண்ணன் பெயர் எழுதியிருந்தது. அவள் எழுத்துதான்.

"தபால்ல போடச் சொன்னீய. எனக்கு மனசு வரல. பத்து நாளா பைக்குள்ள வச்சிருக்கேன்."

தென்காசி வண்டி வந்தது. டிரைவர் இவரைப் பார்த்துக் கும்பிட்டு வண்டியை மெதுவாக்கினான். நயினார் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அடுத்து வந்த செங்கோட்டை வண்டியில் ஏறினார்கள். செங்கோட்டையில் எவர்சில்வர் கடையில் ஒரு தாம்பாளம், ஒரு சீப்புப் பழம், வெற்றிலை பாக்கு. அங்கிருந்து வடகரை வண்டி. வழியெல்லாம் அவர் மனசுக்குள் தமிழில் வார்த்தையைக் கோத்துப் பார்த்தார். முதலில் எதைச் சொல்வது? மன்னிப்பா, அழைப்பா? பாஷையில் சந்தேகமே இல்லை, ஆனாலும் ஒரு வாக்கியம் ஒழுங்காக நிற்கவில்லை.

இசக்கிதுரை வீட்டு முன்னால் கடப்பாரை நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். பார்வதியைப் பார்த்து, "வாம்மா," என்றார். தம்பியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேங்காயைக் கையில் எடுத்தார்.

நயினார் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறந்த நாளிலிருந்து பேசுகிற பாஷையில் "அண்ணே" என்ற ஒரு சொல் எழும்பவில்லை. தேங்காய் மட்டை கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. நாலு மாதமாக நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்றுதான் அவரை மீறி வெளியே வந்தது.

"ப்ளீஸ் கம் வித் யுவர் ஹோல் ஃபேமிலி!" என்றார், மைக் குரலில். "ஸ்டாண்ட் இன் ஃப்ரண்ட் அண்ட் கண்டக்ட் தி மேரேஜ்!"

தேங்காய் அண்ணன் கையிலிருந்து நழுவி உருண்டது.

"என்னலே சொல்லுத?" என்றார்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்த அந்த 'லே' நயினாரின் நெஞ்சில் போய் விழுந்தது. அடைத்திருந்தது எது என்று தெரியவில்லை, திறந்துகொண்டது.

"சம்பந்தியக் கூப்பிடுததுக்குன்னு படிச்சாவ, அத்தான்," என்றாள் பார்வதி இசக்கிதுரையிடம், சிரிப்பும் அழுகையுமாக. "உங்களப் பாத்த பதட்டத்துல அது வந்துட்டு."

"அண்ணே," என்றார் நயினார். "அன்னைக்கு நான் வந்திருக்கணும். வரல. தப்பு என் பேருலதான். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நீ குடும்பத்தோட வந்து, முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

இசக்கிதுரை தொட்டியில் போய்க் கையைக் கழுவினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, மேல் பொத்தான் வரைக்கும் போட்டார். வந்து தம்பிக்கு எதிரே நின்றார். தாம்பாளத்துக்குக் கை நீட்டவில்லை.

"மொதல்ல ஒண்ணு சொன்னியே, அத இன்னொரு மட்டம் சொல்லு," என்றார்.

"எத, இங்கிலீஷயா?"

"ஆமா." வீட்டுக்குள் பார்த்து, "ஏட்டி முத்துலட்சுமி, இங்கன வா சீக்கிரம்! தம்பி வந்திருக்கான். இங்கிலீஷ்ல கூப்பிடுதான்," என்று சத்தம் போட்டார். மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, நம்ப முடியாமல் நிலைப்படியிலேயே நின்றாள். இசக்கிதுரை அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

நயினார் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவையும் வார்த்தை பிசகவில்லை. அண்ணன் தலையைச் சாய்த்துக் கடைசி எழுத்து வரைக்கும் கவனமாகக் கேட்டார். அவருக்கு ஒரு வார்த்தை விளங்கியிருக்காது.

"வாரோம்லே," என்று தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.